அடுத்த வருடமே தெரியாதபோது ஐந்து வருடத் திட்டம் எதற்கு?

கேள்வி: அப்பா ஆரம்பித்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையை நானும் தம்பியும் நடத்துகிறோம். அறுபது பேர் வேலை செய்கிறார்கள். 2019இல் ஓர் ஆலோசகரை வைத்து ஐந்து வருடத் திட்டம் போட்டோம். அடுத்த வருடமே அது ஒன்றுக்கும் உதவாமல் போய்விட்டது. முதலில் ஆர்டர்கள் நின்றன, பிறகு சமாளிக்க முடியாத அளவுக்குக் குவிந்தன, கூடவே காகித விலையும் ஏறியது. இப்போது எங்கள் விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே ஆன்லைன் வணிக நிறுவனத்துக்குப் போகிறது. அவர்களை நம்பி முழு தானியங்கி மெஷின் வரிசை வாங்கலாம் என்கிறான் தம்பி. ஏழு வருட லோன். வங்கி ஐந்து வருடக் கணிப்பு கேட்கிறது. "திட்டம் போட்டு என்னக்கா கண்டோம், ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்போம்" என்கிறான். கையில் இருக்கும் பணம் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மற்ற செலவுகளுக்கும்தான் வரும். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்தக் காலத்தில் நீண்டகாலத் திட்டம் போடுவதில் அர்த்தம் இருக்கிறதா? இருந்தால், எப்படிப் போடுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

திட்டமே வேண்டாம் என்கிற உங்கள் தம்பி, ஏழு வருட லோனில் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். அந்தக் கையெழுத்துதான் உங்கள் ஏழு வருடத் திட்டம். அடுத்த 84 மாதமும் இந்த வாடிக்கையாளர் இருப்பார், இவ்வளவு ஆர்டர் வரும், காகித விலை ஏறினால் பெட்டி விலையையும் ஏற்ற விடுவார் என்கிற நம்பிக்கையெல்லாம் அதற்குள் இருக்கிறது. யாரும் எழுதி வைக்காததால் அது திட்டம் மாதிரித் தெரியவில்லை. உங்கள் மனசு ஒப்பாததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தத் தயக்கம் சரியானதுதான், அதை விட்டுவிடாதீர்கள்.

தம்பி சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. 2019இல் நீங்கள் போட்டது பெரும்பாலும் ஒரு கணிப்பாகத்தான் இருந்திருக்கும்: முதல் வருடம் இவ்வளவு விற்பனை, ஆண்டுக்கு இத்தனை சதவீத வளர்ச்சி, ஐந்தாம் வருடம் இவ்வளவு லாபம் என்று. அப்படிப்பட்ட அட்டவணை 2020ஐத் தாங்காதது யார் தப்பும் இல்லை. பொருளாதார அறிஞர் ஃபிராங்க் நைட் 1921லேயே இதைப் பிரித்துக் காட்டினார். நிகழ்தகவு கணக்கிடக்கூடிய ஆபத்து ஒரு வகை, எந்தக் கணக்குக்குள்ளும் அடங்காத நிச்சயமின்மை வேறு வகை. மெஷின் தீப்பிடிப்பது முதல் வகை, அதற்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. உங்கள் பெரிய வாடிக்கையாளர் மூன்று வருடம் கழித்துச் சொந்தமாகப் பெட்டி செய்ய ஆரம்பிப்பாரா என்பது இரண்டாம் வகை. அதற்கு ஒரு சதவீதத்தைப் போட்டு அட்டவணையில் ஏற்றினால், தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எழுதிக்கொள்கிறோம் என்றுதான் ஆகும்.

ஆனால் கணிப்பைக் கைவிடுவதும் திட்டத்தைக் கைவிடுவதும் ஒன்றல்ல. ஸ்வீடனில் ஹாண்டெல்ஸ்பாங்கன் என்று ஒரு வங்கி இருக்கிறது. 1970இல் அதன் தலைமைக்கு வந்த யான் வாலண்டர் ஒரு பொருளாதார ஆய்வாளர், கணிப்பு வேலையை உள்ளிருந்து பார்த்தவர். அவர்தான் அந்த வங்கியில் ஆண்டு பட்ஜெட்டையே நிறுத்தினார். அதனால் வங்கி இலக்கில்லாமல் போய்விடவில்லை. போட்டி வங்கிகளின் சராசரியைவிட நம் மூலதனத்தின் மீதான லாபம் அதிகமாக இருக்க வேண்டும் என்பதைப் பல பத்தாண்டுகளுக்கு இலக்காக வைத்துக்கொண்டது. நல்ல வருடமோ கெட்ட வருடமோ, அந்த இலக்கு செல்லும். உங்கள் திட்டத்திலும் இலக்குகள் இந்த மாதிரி இருக்கட்டும். 'ஐந்தாம் வருடம் விற்பனை இரட்டிப்பு' என்பதைவிட, 'எந்த ஒரு வாடிக்கையாளரும் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது', 'ஆறு மாதச் செலவுக்கான பணம் எப்போதும் கையில் இருக்க வேண்டும்' என்பவை உலகம் எப்படி மாறினாலும் அர்த்தத்தோடு இருக்கும்.

அப்படியானால் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாமா என்றால், நன்றாக யோசிக்க வேண்டும், ஆனால் ஒரே எதிர்காலத்தை வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் என்பவரின் குழு 1970களின் தொடக்கத்தில் செய்த வேலையை நிர்வாகம் படிப்பவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் எண்ணெயின் தேவை ஒரே சீராக வளர்ந்திருந்தது, விலை மலிவாக, பெரிய அசைவில்லாமல் இருந்தது. இனியும் அப்படித்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்தக் குழு முதலில் தயாரித்த எதிர்காலக் கதைகள் எண்களைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் போட்டவைதான். அவற்றால் மேலாளர்களுக்குப் பயன் இல்லை, என்ன முடிவெடுப்பது என்று அவற்றிலிருந்து தெரியவில்லை. பிறகு வேறு கேள்வி கேட்டார்கள்: எண்ணெய் தோண்டும் நாடுகளின் இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்வோம்? உற்பத்தியைக் கட்டுப்படுத்தி விலையை ஏற்றுவதுதான் அவர்களுக்கு லாபம் என்று அதிலிருந்து புரிந்தது. எந்தத் தேதியில், எந்தக் காரணத்தால் நடக்கும் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. சில மாதங்களுக்குள் பீப்பாய் ஒன்றுக்கு சுமார் 3 டாலராக இருந்த விலை 12 டாலரை நெருங்கியது. ஷெல் மேலாளர்கள் அதைப் பற்றி ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். அதனால் மற்றப் பெரிய நிறுவனங்களைவிட வேகமாகத் திரும்ப முடிந்தது.

உங்கள் தொழிற்சாலைக்கும் இதைச் செய்யலாம், அதற்குப் பெரிய ஆலோசகர் யாரும் வேண்டாம். ஒன்றே ஒன்றைத் தவிருங்கள்: நல்லது, சுமார், மோசம் என்று மூன்றாகப் போடும் பழக்கம். அப்படிப் போட்டால் எல்லோரும் நடுவில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுவார்கள். உங்களை உண்மையில் புரட்டிப்போடக்கூடிய இரண்டு விஷயங்களை எடுங்கள். கடிதத்தைப் பார்த்தால் அவை காகித விலையும் அந்தப் பெரிய வாடிக்கையாளரும். விலை ஏறி வாடிக்கையாளர் இருந்தால் ஒரு கதை. விலை சாதாரணமாக இருந்து வாடிக்கையாளர் போனால் இன்னொரு கதை. இரண்டும் சேர்ந்து நடந்தால் மூன்றாவது. ஒவ்வொன்றையும் யாரோ நடந்து முடிந்ததைச் சொல்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதுங்கள். அவர் எதற்காகப் போனார், நமக்கு எப்போது தெரிந்தது, அந்த மாதம் சம்பளம் எங்கிருந்து வந்தது என்றெல்லாம்.

அப்புறம் அதற்குக் கணக்குப் போடுங்கள். உங்கள் எண்கள் என்னிடம் இல்லை, அதனால் உதாரணத்துக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். மாத விற்பனை 100 என்று வைப்போம். காகிதம், பசை போன்ற மூலப்பொருளுக்கு 62 போகிறது. ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டிய சம்பளம், வாடகை, மின்சாரத்தின் நிலையான பகுதி எல்லாம் 22. மிச்சம் 16. புது மெஷினின் தவணை 8 என்றால், அதைக் கட்டிய பிறகும் 8 மிச்சம். தம்பி இந்தக் கணக்கைத்தான் பார்த்திருப்பார், இது நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது விற்பனையில் 55 வைத்திருக்கும் வாடிக்கையாளர் போய்விட்டார் என்று வையுங்கள். விற்பனை 45 ஆகிறது. மூலப்பொருள் போக 17 நிற்கும். நிலையான செலவு 22. லோன் இல்லாவிட்டால் மாதம் 5 துண்டு விழும். லோன் இருந்தால் 13 துண்டு விழும். கையில் இரண்டு மாத நிலையான செலவுக்குப் பணம், அதாவது 44 இருக்கிறது. லோன் இல்லாத நிறுவனத்துக்கு வேறு வாடிக்கையாளரைத் தேட எட்டு ஒன்பது மாதம் கிடைக்கிறது. லோன் உள்ள நிறுவனத்துக்கு மூன்று மாதம்தான். தானியங்கி மெஷின் ஆள்செலவையும் கழிவையும் மிச்சப்படுத்தும் என்பது உண்மைதான், ஆனால் அந்த மிச்சம் ஓடுகிற அளவைப் பொறுத்தது. ஓட்டம் பாதியானால் மிச்சமும் சுருங்கும், தவணை சுருங்காது. அந்த வாடிக்கையாளர் கடனுக்கு வாங்குகிறவராக இருந்தால், போகும்போது உங்களுக்கு வர வேண்டிய பில் தொகையும் இழுபறியாகலாம். அப்போது அந்த மூன்று மாதமும் இருக்காது.

காகித விலைக்கும் இதே மாதிரி போடுங்கள். மூலப்பொருள் ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் 62 என்பது 74 ஆகிவிடும். பெட்டி விலையை ஏற்ற முடியாத மாதங்களில் 26 மட்டும் நிற்கும், அதில் 22 செலவும் 8 தவணையும் கட்ட வேண்டும். இது பயமுறுத்துவதற்காக அல்ல. தம்பியோடு பேசும்போது, நம்பிக்கைக்கும் பயத்துக்கும் நடுவே வாக்குவாதம் ஓடாமல், இருவரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசலாம் என்பதற்காகத்தான் இதைச் செய்யச் சொல்கிறேன்.

நீண்டகாலத் திட்டத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவதை இங்கே சொல்லிவிடுகிறேன். எல்லா முடிவுகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. திரும்பி வர முடிகிற முடிவுகளும் உண்டு, முடியாதவையும் உண்டு. புது வகைப் பெட்டி ஒன்றைச் சின்ன அளவில் செய்து பார்ப்பது, ஒரு விற்பனைப் பிரதிநிதியை நியமிப்பது, புது சப்ளையரிடம் ஒரு லோடு எடுத்துப் பார்ப்பது, இவற்றுக்கெல்லாம் ஐந்து வருடக் கணிப்பு தேவையில்லை. செய்து பார்த்து, சரிவராவிட்டால் நிறுத்திவிடலாம். இந்த விஷயங்களில் தம்பியின் வேகம் உங்களுக்குப் பெரிய பலம், அவரைத் தடுக்காதீர்கள். ஏழு வருடக் கடன், நிலம், நீண்ட குத்தகை, ஒரே வாடிக்கையாளருக்கு மட்டும் பொருந்துகிற மெஷின், இவை அடுத்த வகை. நீண்டகால யோசனை முழுவதையும் இவற்றுக்குச் செலவிடுங்கள். நிச்சயமில்லாத காலத்தில் இவற்றைச் சின்னத் துண்டுகளாக உடைக்க முடியுமா, கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று பார்ப்பதுதான் பாதித் திட்டம்.

உங்கள் மெஷின் வரிசையை உடைக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன். மொத்த வரிசையும் ஒரே நேரத்தில் வர வேண்டுமா, அல்லது அச்சடித்து வெட்டும் பகுதியை மட்டும் முதலில் மாற்றலாமா? இப்போதைக்கு அதிகப்படி ஆர்டரை வேறு தொழிற்சாலையில் ஜாப் ஒர்க்காகக் கொடுத்து வாங்க முடியுமா? நல்ல நிலையில் உள்ள பழைய மெஷின் கிடைக்குமா? வாடகைக்கோ லீசுக்கோ எடுக்க முடியுமா? இவற்றில் பெட்டி ஒன்றுக்கு ஆகும் செலவு கூடும். தம்பி அதைச் சுட்டிக்காட்டி, வீண் என்பார். அந்தக் கூடுதல் செலவு, வேண்டாம் என்றால் வெளியே வருவதற்கு நீங்கள் கொடுக்கும் கட்டணம். இரண்டு வருடம் அதைக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர் நிலையாக நிற்கிறார் என்று கண்ணால் பார்த்த பிறகு முழு வரிசையும் வாங்கினால், நீங்கள் இழந்தது கொஞ்ச லாபம்தான்.

ஒரே இடத்தை நம்புவது எப்படி முடியும் என்பதற்குச் செல்போன் தொழிலில் ஓர் உதாரணம் உண்டு. 2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் அல்புகர்க்கியில் இருந்த பிலிப்ஸ் சிப் ஆலையில், மின்னல் காரணமாகச் சின்னத் தீ விபத்து. சுமார் பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் துளி தூசிகூட ஆகாத அறைகளுக்குள் புகையும் தண்ணீரும் புகுந்துவிட்டன. நோக்கியா, எரிக்சன் இரண்டு நிறுவனங்களும் அங்கிருந்து சிப் வாங்கின. ஒரு வாரம் தாமதமாகும் என்பதுதான் முதலில் வந்த தகவல். நோக்கியா அதை அப்படியே விட்டுவிடாமல் தினமும் கண்காணித்தது, மற்ற ஆலைகளையும் மற்ற சப்ளையர்களையும் உடனே பிடித்தது. எரிக்சனில் செய்தி மேலிடத்துக்குப் போகவே வாரக்கணக்கில் ஆனது, மாற்று சப்ளையரும் இல்லை. சுமார் 40 கோடி டாலர் விற்பனையை அது இழந்தது, அடுத்த வருடம் செல்போன் தொழிலை சோனியோடு கூட்டு நிறுவனமாக மாற்றிக்கொண்டது. உங்களுக்கு சப்ளையர் பக்கம் அல்ல, வாங்குகிறவர் பக்கம் அந்த நிலைமை இருக்கிறது. அதனால் திட்டத்தின் முதல் வேலை மெஷின் அல்ல. மருந்து, துணி, உதிரிபாகம் என்று வேறு துறைகளிலிருந்து இரண்டு மூன்று நடுத்தர வாடிக்கையாளர்களைப் பிடிப்பதுதான் முதல் வேலை.

கையிருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சரக்கே தேங்கக் கூடாது என்பதற்குப் பெயர்போன டொயோட்டா, 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு, இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு வரும் அளவு சிப் இருப்பு வைக்கும்படி சப்ளையர்களைக் கேட்டுக்கொண்டது. அதனால்தான் 2021இன் முதல் மாதங்களில் சிப் தட்டுப்பாட்டால் மற்ற கார் நிறுவனங்கள் உற்பத்தியைக் குறைத்தபோது அது பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த செப்டம்பரில் அதுவும் உலகம் முழுவதும் தான் திட்டமிட்டிருந்த உற்பத்தியில் 40 சதவீதத்தைக் குறைக்க வேண்டி வந்தது. இருப்பு உங்களைக் காப்பாற்றிவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது, அது அவகாசம் கொடுக்கும். உங்கள் இரண்டு மாதப் பணத்தை ஆறு மாதமாக்குவதை லாபத்தில் மிஞ்சியதைச் சேர்ப்பது என்று விட்டுவிடாதீர்கள். தவணை மாதிரி மாதாமாதம் ஒதுக்குங்கள்.

கடன் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் இருப்பேன். ஜப்பானில் கோங்கோ குமி என்ற கோவில் கட்டும் நிறுவனம் கி.பி. 578இல் தொடங்கியது. போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் பார்த்து 1,400 வருடத்துக்கு மேல் நின்றது. 1980களின் நிலச்சந்தை வீக்கத்தின்போது நிலத்தில் போட்ட கடன் சுமைதான் அதை அழுத்தியது. கோவில் வேலைகளும் குறைந்துபோக, 2006இல் வேறொரு கட்டுமான நிறுவனத்துக்குள் சேர்ந்துவிட்டது. இத்தனை நூற்றாண்டு கைத்திறனாலும் மாதத் தவணையைச் சமாளிக்க முடியவில்லை.

அடுத்து, எதைக் கண்டால் என்ன செய்வோம் என்பதை இப்போதே, மனசு நிதானமாக இருக்கும்போது எழுதிவிடுங்கள். மழைக்கு முன் கரையை உயர்த்துகிற வேலை இது. பல அதிர்ச்சிகள் சொல்லிவிட்டுத்தான் வருகின்றன. உங்கள் துறையிலேயே பாருங்கள்: பழைய காகிதம் இறக்குமதி செய்வதில் உலகத்திலேயே முதலிடத்தில் இருந்த சீனா, கலப்புக் கழிவுக் காகிதம் உட்படப் பல கழிவுகளை நிறுத்தப் போவதாக 2017 ஜூலையிலேயே உலக வர்த்தக அமைப்புக்குத் தெரிவித்தது. 2018இல் தடை வந்தது, 2021 ஜனவரியிலிருந்து திடக்கழிவு இறக்குமதி முழுவதும் நின்றது. அட்டைக் காகிதச் சந்தை உலகம் முழுக்க இடம் மாறியது. கவனித்தவர்களுக்கு முதல் அடிக்கு முன்பே சில மாதம் கிடைத்தது, முழுத் தடைக்கு முன் சில வருடம் கிடைத்தது. உங்கள் பட்டியலில் இந்த மாதிரி எழுதலாம்: பெரிய வாடிக்கையாளரின் ஆர்டர் மூன்று மாதம் தொடர்ந்து பத்து சதவீதம் குறைந்தால் புது ஆள் எடுப்பதை நிறுத்துவோம். பணம் தரும் நாட்கள் 60லிருந்து 90க்குப் போனால் அவருக்கான கடன் வரம்பைக் குறைப்போம். காகித விலை இத்தனை சதவீதம் ஏறினால் இரண்டு வாரத்துக்குள் எல்லா வாடிக்கையாளரிடமும் விலையைப் பேசுவோம். யார் பார்ப்பது, யார் செய்வது என்று பெயரும் போடுங்கள்.

இந்தப் பட்டியலுக்கு விஷயம் சேர்க்க நல்ல வழி ஒன்று உண்டு. உளவியலாளர் கேரி க்ளைன் பரப்பிய முறை. நீங்கள், தம்பி, கணக்கர், ஷிஃப்ட் சூப்பர்வைசர், லோடு அனுப்புகிறவர் எல்லோரும் உட்காருங்கள். 'ஐந்து வருடம் ஆகிவிட்டது, நாம் மெஷின் வாங்கினோம், தொழிற்சாலை மூடிவிட்டது. ஏன்?' என்று கேட்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மூடுமா என்று கேட்டால் மரியாதைக்காக மூடாது என்பார்கள். மூடிவிட்டது என்று ஆரம்பித்தால் மனசில் இருப்பதைச் சொல்வார்கள். லோடு அனுப்புகிறவருக்கு, வாடிக்கையாளரின் கிடங்கில் வேறு நிறுவனத்தின் பெட்டிகள் அடுக்கியிருப்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொள்ளுங்கள். இதற்கு முன் வந்த கெட்ட வருடங்களில் எது முதலில் நின்றது, எது கடைசி வரை நின்றது என்பது அவருக்குத்தான் தெரியும்.

எத்தனை வருடத்துக்குத் திட்டம் போடுவது என்பதற்கு ஒரே பதில் இல்லை. கடன் எத்தனை வருடமோ, திரும்ப முடியாத முடிவுகளுக்கு அத்தனை வருடம் யோசியுங்கள். வாடிக்கையாளர், பொருள் வகை, ஆட்கள் என்பவற்றுக்கு இரண்டு மூன்று வருடம் போதும். பணப்புழக்கத்துக்குப் பன்னிரண்டு மாதம், ஒவ்வொரு மாதமும் ஒரு மாதம் தள்ளிப் புதுப்பித்துக்கொண்டே. காலாண்டுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நாம் நம்பியவற்றில் எது மாறியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். எண்கள் மாறியிருப்பதில் அதிசயமில்லை.

வங்கிக்குக் கேட்ட ஐந்து வருடக் கணிப்பைக் கொடுங்கள், ஆனால் 'ஏதாவது' எழுத வேண்டாம். அடியில் உள்ள அனுமானங்களையும் சேர்த்துக் கொடுங்கள், வாடிக்கையாளர் போனால் எப்படிச் சமாளிப்போம் என்கிற பக்கத்தையும் வையுங்கள். கடன் கொடுக்கிற அதிகாரிக்கு அது பலவீனமாகத் தெரியாது, நீங்கள் யோசித்திருக்கிறீர்கள் என்றுதான் தெரியும். அதே சந்திப்பில், முதல் தவணை எப்போது தொடங்கும், உற்பத்தி தொடங்கும் வரை அவகாசம் உண்டா, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா, வட்டி மாறும் வட்டியா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அடமானமாகவும் சொந்த ஜாமீனாகவும் எதைக் கேட்கிறார்கள் என்று வரி வரியாகப் படியுங்கள். குடியிருக்கும் வீடு அதில் இருந்தால், லோன் தொகையைக் குறைத்தாவது அதை வெளியே எடுக்கப் பாருங்கள்.

மெஷினைப் பற்றி நேராகக் கேட்டால் இதுதான் என் யோசனை. அந்த ஆன்லைன் நிறுவனத்திடம் போய், இரண்டு வருடத்துக்குக் குறைந்தபட்ச ஆர்டர் அளவும், காகித விலையோடு சேர்ந்து மாறும் பெட்டி விலையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கேளுங்கள். ஒப்புக்கொண்டால், வரிசையின் முதல் பகுதியை மட்டும் சின்ன லோனில் வாங்குங்கள். தயங்கினால், அவர்களுக்கே உறுதியில்லாத ஓர் ஆர்டருக்காக நீங்கள் ஏழு வருடம் பொறுப்பேற்க வேண்டியதில்லை. ஜாப் ஒர்க்கில் ஓட்டுங்கள், அந்த நேரத்தில் தம்பியைப் புது வாடிக்கையாளர்களைப் பிடிக்கும் வேலைக்கு முழுமையாக விடுங்கள். ஒப்பந்தப் பேச்சுக்குப் போகும்போதும் அவரையே முன்னால் பேசச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை அவர் நேரில் கேட்பது, நீங்கள் வீட்டில் நூறு முறை சொல்வதைவிட அவருக்குப் பயன்படும்.